சட்டைப் பொக்கற்றுக்குள்ள ஒரு பிடி மோல்ட்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு.

டேய் மச்சான்,

எப்பிடி இருக்கிறாய்? வீட்டில எல்லாரும் சுகமா? அம்மான்ர கண் ஒப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சதாம் எண்டு கட்டையன் சொன்னவன். உன்னட்ட நேர கேட்டிருக்க வேண்டிய விஷயத்தை அவனிட்டக் கேட்டுத் தெரிஞ்சுகொண்டது எனக்குச் சரியான மனவருத்தம். இஞ்ச எல்லாரும் சுகம். மூத்தவள் ஓஎல் சோதினை எழுதப் போறாள், சின்னவனுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கு, மாமி வழமைபோல விரதம்.

போன மாசம் குடும்பமா பெங்களூர் போனனாங்கள், அஞ்சு நாள். மாமிக்கு வைட்பீல்ட் பாபா ஆச்சிரமம் பாக்கோணும் எண்டு எத்தினை வருஷ ஆசை. கட்டுநாயக்காவில ஏறினா ஒண்டரை மணித்தியாலத்தில அங்க இறங்கிடலாமடா, யாழ்ப்பாண பஸ் அந்த நேரத்துக்குப் புத்தளமும் தாண்டாது. மனிசிக்குச் சீலை, பிள்ளையளுக்குக் கப்பன் பார்க், மாமிக்குப் பஜனை. எனக்கு ஒண்டே ஒண்டுதான். அந்த ஊரில அங்கங்கேயே காய்ச்சி அங்கயே ஊத்திக் குடுக்கிற பியர்க் கடையள் இருக்கு எண்டு கன நாளாக் கேள்விப்பட்டனான், அதைப் பாக்கோணும்.

நீ குடியை விட்டு, வாற மாசியோட ரெண்டு வருஷம் எண்டு எனக்குத் தெரியும். அதாலதான் இதை உனக்கு எழுதலாமோ எண்டு மூண்டு கிழமையா யோசிச்சனான். வாசிக்க விருப்பமில்லை எண்டால் இதோட மூடி வை, நான் ஒண்டும் நினைக்கமாட்டன். ஆனா எழுதாம இருக்க என்னால ஏலாமக் கிடக்கு.

மனிசியோட முதலே கதைச்சு ஒப்பந்தம். ஒரு நாளைக்கு ஒரு இடம், பின்னேரம் அஞ்சுக்கு முன்னம், சாப்பாட்டோட, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு. அவவின்ர அண்ணன்ர கதை உனக்குத் தெரியும், போத்தில் மூடி திறக்கிற சத்தம் கேட்டாலே அவவுக்கு முகம் மாறும், அதால நான் வற்புறுத்தேல்லை. அவவாத்தான் சொன்னவ, "ஒளிச்சுப் போறதைவிட எங்களோட வாங்கோ" எண்டு.

முதல் நாள் இந்திராநகர், ஹண்ட்ரட் ஃபீட் ரோட்டில டாய்ட் எண்டு ஒரு இடம், 2010இல தொடங்கினதாம். மெட்ரோவில போய் இறங்கி நடந்தனாங்கள். புதன்கிழமை மத்தியானம், சனமில்லை. சனி ஞாயிறெண்டால் வாசல்லயே காத்து நிக்கோணுமாம். பக்கத்து மேசையில ஒரு அம்மம்மா பேரப்பிள்ளையளோட இருந்து உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிடுறா, ஒருத்தரும் சத்தம் போடேல்லை, ஒருத்தரும் தள்ளாடேல்லை. மனிசி அதையே பாத்துக்கொண்டிருந்தவ. சின்னச் சின்னக் கிளாசில எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பாக்கத் தருவாங்கள், அப்பிடித்தான் கேக்கோணும், எடுத்தவுடன பெரிய கிளாசுக்குப் போகக்கூடாது. பாஸ்மதி அரிசி போட்டுக் காய்ச்சின பியர் ஒண்டு இருக்குதடா! மெல்லிசா, தொண்டையில தடக்காமப் போகுது. மற்றது டின்டின் எண்டு ஒண்டு, பெல்ஜியம்காரர் முறையில கோதுமையில செய்யிறது, கலங்கின மஞ்சளா, இளநீர் வழுக்கையைக் கரைச்சு விட்டமாதிரி. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனன், ஏதோ தெரிஞ்ச மணம், பேர் வாயில வருகுதில்லை. மனிசி கிளாசை இழுத்து மணந்து பாத்திட்டுச் சொன்னா, "கொத்தமல்லி". உண்மைதான்! தோடம்பழத் தோலும் கொத்தமல்லியும் போட்டுத்தான் அதைக் காய்ச்சுறதாம். தடிமன் பிடிச்சா அம்மா அவிச்சுத் தாற கொத்தமல்லித் தண்ணியை, இருவது வருஷம் பியர் குடிச்ச நான் கண்டுபிடிக்கேல்லை, ஒரு சொட்டும் வாயில வைக்காத அவ கண்டுபிடிச்சா.

அதில இருந்து எனக்கு ஒரே யோசினை. இவ்வளவு காலமும் நாங்கள் குடிச்சது என்ன? ஞாபகமிருக்கா, 2016இல நீ வந்து நிக்கேக்க, வெள்ளம் பியகம பக்டரிக்குள்ள போய் லயன் பியரே கடையளில இல்லாமப்போன நேரம், சவோய் தியேட்டரடியில இருந்து பம்பலப்பிட்டி மட்டும் கடை கடையா ஏறி இறங்கினமே? கிடைச்சது என்ன பேர், எங்க செய்தது, எப்ப செய்தது எண்டு ஒண்டையும் பாக்கேல்லை. குளிரா இருக்கோ, அது காணும். லயன் ஸ்டவுட்டை வெளிநாட்டுக்காரன் தேடித்தேடிக் குடிக்கிறான், 8.8 வீதம், கறுப்பு, கோப்பிக்கொட்டை வறுத்த மணம். ஆனா காலி வீதியில ஒரு கடையில வெயில் படுற கண்ணாடிக்குள்ள அதை அடுக்கி வச்சிருக்கிறான். பியருக்கு வெளிச்சமும் சூடும் நஞ்சு மச்சான், முக்கியமா பச்சைப் போத்திலும் நிறமில்லாத போத்திலும், வெயில் பட்டாக் கெட்ட மணம் ஒண்டு வந்திடும். பெங்களூரில ஒரு பெரிய கடைக்குள்ள போனன், அங்க ஒரு ஆள் போத்திலைத் திருப்பித் திருப்பித் திகதி பாத்துத்தான் எடுக்கிறார், நாங்கள் பால் பக்கற்றுக்குப் பாக்கிறமாதிரி. அதுக்குப் பிறகு நானும் திகதி பாக்காம ஒண்டும் தொடுறேல்லை.

மாமியை ஆச்சிரமத்தில விட்ட அண்டு வைட்பீல்டிலயே விண்ட்மில்ஸ் எண்டொரு இடத்துக்கு ஓட்டோ பிடிச்சுப் போனனாங்கள். சுவர் முழுக்கப் புத்தகம், ஜாஸ் கச்சேரிக்குத் தனி மண்டபம். மூத்தவள் புத்தகம் எடுத்தாள், பிறகு எழும்பவே இல்லை. பியரும் நல்லம், ஆனா விலை கையைச் சுட்டுது.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

நாலாம் நாள் ஒரு சின்ன இடம், மூண்டே மூண்டு பெரிய ஸ்டீல் தாங்கிதான். நாங்கள் தமிழ் கதைக்கிறதைக் கேட்டு ஒரு பெடியன் வந்து "நீங்க சிலோனா சார்?" எண்டான். கிருஷ்ணகிரிப் பக்கமாம், அங்க காய்ச்சிறதே அவன்தான். வாங்கோ காட்டுறன் எண்டு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனவன், பிள்ளையளையும். சாக்குக்குள்ள கை விட்டு ஒரு பிடி மோல்ட் அள்ளி எல்லாற்ற கையிலயும் போட்டு "மெல்லுங்க" எண்டான். பார்லியை ஊறவச்சு, முளை கட்டவிட்டு, காயவச்சு எடுக்கிறது. மெண்டன். முதல் உமி, பிறகு மொறுமொறுப்பு, அதுக்குப் பிறகு நெஸ்டமோல்ட்! சத்தியமாடா, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடேக்க உங்கட வீட்டு அடுப்படியில நிண்டு ரெண்டுபேரும் குடிச்சமே, அடியில கட்டிகட்டியா நிக்க விரலால வழிச்சு நக்குவாய், அதே ருசி. சின்னவன் கம்பிப் பல்லோட ரெண்டாம் பிடியும் கேட்டு வாங்கினான்.

அந்த மோல்டை உடைச்சு அறுபத்தஞ்சு பாகை அளவு சுடுதண்ணியில ஒரு மணித்தியாலம் ஊறப்போட, தானியத்தில இருக்கிற மா தன்பாட்டில சீனியாகும். பெடியன் ஒரு குழாயைத் திறந்து கிளாசில கொஞ்சம் பிடிச்சுத் தந்தான். தேன் நிறம், இளஞ்சூடு, இனிப்பு. இதில ஒரு துளி வெறியும் இல்லை, பிள்ளையளும் குடிக்கலாம் எண்டான். அடுத்ததா ஹொப்ஸ் எண்ட கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவச்சு, ஆறவிட்டு, ஈஸ்ட் போட்டால்தான் ஒண்டு ரெண்டு கிழமையில பியர். இது என்ன தெரியுமா? கருப்பணி! சுண்ணாம்பு தடவின முட்டியில இறக்கினா கருப்பணி, சுண்ணாம்பில்லாம இறக்கினா கள்ளு. ஒரே பனைமரம், ஒரே பாளை. அப்பு உனக்கும் எனக்கும் பனையோலைப் பிளாவில கருப்பணி வாத்துத் தந்திட்டு, தான் மற்ற முட்டியோட வேலிப்பக்கம் போறது எனக்குக் கண்ணுக்குள்ள வந்து நிண்டுது. விடியக் கள்ளு விடியவே குடிக்கோணும், பின்னேரம் புளிச்சிடும் எண்டு அவர் சொல்லுவார். புதுசா இருக்கேக்க குடிக்கிறதெண்டது எங்கட சனத்துக்குத் தெரிஞ்ச விஷயம்தானேடா, நாங்கள்தான் கொழும்புக்கு வந்து மறந்திட்டம்.

வெளிக்கிடேக்க அந்தப் பெடியனிட்டக் கேட்டு ஒரு பிடி மோல்டைக் கடதாசியில சுத்திச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள வச்சன். மனிசி கேட்டா, "இது ஆருக்கு?" நான் யோசிக்கவே இல்லை, உன்ர பேர்தான் வாயில வந்தது. அவ கொஞ்ச நேரம் பேசாம நடந்தவ. பிறகு, "அவருக்கு ஏன் நீங்கள் ஃபோன் எடுக்கிறேல்லை?" எண்டா.

நீ விட்டிட்டன் எண்டு சொன்ன அண்டைக்கு நான் "நல்லதடா" எண்டு சொல்லிப்போட்டு ஃபோனை வச்சனான். அதுக்குப் பிறகு நான் எடுக்கேல்லை, நீ எடுத்த ரெண்டு தரமும் அவசரம் எண்டு வச்சிட்டன். அவசரம் ஒண்டும் இருக்கேல்லை. எங்கட கதை, சிரிப்பு, சண்டை எல்லாம் ஒரு மேசையைச் சுத்தித்தானே நடந்தது, அந்த மேசை இல்லாம உன்னோட என்னத்தைக் கதைக்கிறதெண்டு எனக்குப் பயம். நீ தனியாக் கிடந்து அந்த முதல் மாசங்களைக் கடந்தனீ எண்டு கட்டையன் பிறகுதான் சொன்னவன். நித்திரையில்லாம, கை நடுங்கி. நான் பக்கத்தில இருந்திருக்கோணும், குறைஞ்சது ஃபோனிலயாவது. மன்னிச்சுக்கொள் மச்சான்.

அண்டிரவு மனிசி தன்ர அண்ணனைப் பற்றிக் கதைச்சா, கலியாணம் கட்டிப் பதினாறு வருஷத்தில முதல் தரம். அவர் நல்லாப் பாடுவாராம். எனக்கு இது தெரியாது.

நீ ஆவணியில வாறாய் எண்டு கேள்வி. வந்தால் என்னோட நாலு நாள் நில். மேசை வேண்டாம், மரைன் ட்ரைவில நடப்பம், வடை வாங்குவம், கட்டையனையும் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போவம், கருப்பணி இறக்குற ஆள் இப்பவும் இருக்கிறார். நான் பியர் குடிப்பன், அதை உனக்கு ஒளிக்கமாட்டன், ஆனா நீ நிக்கிற நாளில தொடமாட்டன், இது நானா எடுத்த முடிவு, நீ கேக்கேல்லை.

மோல்ட் ஹோர்லிக்ஸ் போத்திலுக்குள்ள, அடுப்படி மேல்தட்டில இருக்கு. இஞ்சத்தைக் கடல்காத்துக்கு நமத்துப் போகும் எண்டு மூடியைச் சுத்தி டேப் ஒட்டி வச்சிருக்கிறன். சின்னவன் டேப்பைக் கழட்டி ஏற்கெனவே அரைவாசியை முடிச்சிட்டான், கெதியா வா.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லு. நாளைக்கு இரவு, உனக்கு விடிய, எடுக்கிறன்.

உன்ர மச்சான்