ஹஜ்ஜாஜைப் பற்றி மேடையில் பேசும் ஹஜ்ரத்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹஜ்ரத்மார்களுக்கும், வீடியோக்களில் இஸ்லாமிய வரலாறு பேசும் சகோதரர்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

உமையா கலீஃபாக்களின் இராக் ஆளுநராக இருந்த ஹஜ்ஜாஜ் பின் யூசுபைப் பற்றிய உங்கள் பயான்களைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். ஒருவர் அவரை ரத்தவெறி பிடித்த கொடுங்கோலன் என்கிறார், முன்வரிசையில் பெரியவர்கள் கண்கலங்குகிறார்கள். இன்னொருவர், ஒரு பெண்ணின் அபயக்குரலுக்காகச் சிந்துவுக்கே படை அனுப்பியவர், இன்றைக்கு அப்படி ஒரு ஆட்சியாளர் இல்லையே என்கிறார், இளைஞர்கள் தக்பீர் முழங்குகிறார்கள். ஆனால் இதை யார் சொன்னது, எப்போது எழுதி வைத்தது என்று இரண்டு பேருமே சொல்வதில்லை. அதைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

கஅபாவை எரித்தவர் ஹஜ்ஜாஜ் என்று பேசுகிறீர்கள். கஅபா தீப்பிடித்தது 683-ல், உமையா கலீஃபா யஸீதின் படை மக்காவை முற்றுகையிட்டிருந்த சமயத்தில். ஹஜ்ஜாஜ் மக்காவை முற்றுகையிட்டது அதற்கு ஒன்பது வருடம் கழித்து, 692-ல். அவரும் மின்ஜனீக் என்ற கல்லெறி இயந்திரத்தால் கல்லெறிந்தார், உமையாக்களை எதிர்த்து மக்காவில் ஆட்சி செய்த அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் அந்தச் சண்டையில்தான் கொல்லப்பட்டார்கள். செய்ததே இவ்வளவு இருக்கும்போது செய்யாததையும் எதற்கு அவர் தலையில் ஏற்ற வேண்டும்? அப்புறம், கஅபாவை ஒட்டிய அரைவட்ட இடமான ஹதீமை உள்ளே சேர்த்து இப்னு ஸுபைர் கட்டியிருந்த கஅபாவின் அந்தப் பக்கச் சுவரை இடித்து, குறைஷிகள் காலத்து அளவுக்கே திருப்பியவரும் ஹஜ்ஜாஜ்தான், கலீஃபா அப்துல் மலிக்கின் உத்தரவுப்படி. உம்ராவுக்குப் போகிறவர்கள் இன்று ஹதீமைச் சுவருக்கு வெளியே பார்ப்பது அதனால்தான். இவ்வளவு பெரிய விஷயத்தை நான் கேட்ட ஒரு பயானிலும் யாரும் சொல்லவில்லை.

1,20,000 பேரைக் கொன்றார் என்கிறீர்கள். சரி, அந்த எண் திர்மிதீ என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் அது நபிமொழி இல்லை, ஹிஷாம் பின் ஹஸ்ஸான் என்பவரின் கூற்று. போர்க்களத்தில் இல்லாமல், பிடித்து வைத்துக் கொல்லப்பட்டவர்களை எண்ணினார்கள், இவ்வளவு வந்தது என்கிறார். எண்ணியது யார், எப்படி எண்ணினார்கள் என்று அதில் இல்லை. மேடையில் நீங்கள் சொல்லும்போது மட்டும் ஏதோ பதிவேட்டிலிருந்து எடுத்த கணக்கு மாதிரி ஆகிவிடுகிறது.

புகழ்கிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். அரபி எழுத்துகளுக்குப் புள்ளி வைத்ததே ஹஜ்ஜாஜ் என்பார்கள். அவர் உத்தரவில் நஸ்ர் பின் ஆஸிமும் யஹ்யா பின் யஃமரும் அந்த வேலையைச் செய்ததாக மரபுச் செய்தி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எகிப்தில் கிடைத்த, ஹிஜ்ரி 22 என்று தேதி போட்ட ஒரு பாப்பிரஸ் ரசீது வியன்னாவில் இருக்கிறது. அதிலேயே சில எழுத்துகளுக்குப் புள்ளி இருக்கிறது. அப்போது ஹஜ்ஜாஜ் சின்னக் குழந்தையாகக்கூட இல்லை, பிறக்கவே இல்லை.

சிந்துப் படையெடுப்புக்குக் காரணமாகச் சொல்லப்படும் கடற்கொள்ளையர் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அது நம் பக்கத்துக் கடலில் தொடங்குகிறது. வரலாற்றாசிரியர் பலாதுரீ சொல்வது இதுதான். மாணிக்கத் தீவின் அரசர், அதாவது இலங்கையின் அரசர், அங்கே இறந்துபோன முஸ்லிம் வணிகர்களின் பெண்மக்களைக் கப்பலில் ஹஜ்ஜாஜிடம் அனுப்புகிறார். சிந்துவின் துறைமுகமான தேபல் பக்கத்துக் கொள்ளையர் கப்பலைப் பிடிக்கிறார்கள். ஒரு பெண் "யா ஹஜ்ஜாஜ்!" என்று கூவ, செய்தி எட்டியதும் அவர் "லப்பைக்" (இதோ வந்தேன்) என்கிறார். சிந்துவின் தாஹிர் அரசரோ, கொள்ளையர் மீது எனக்கு அதிகாரம் இல்லை என்று பதில் அனுப்புகிறார். பலாதுரீ இறந்தது 892-ல், ஹஜ்ஜாஜ் இறந்தது 714-ல். இன்னும் விரிவாகச் சொல்லும் சச்நாமா 13-ஆம் நூற்றாண்டுப் பாரசீக நூல். படையெடுப்பு நடந்தது, அதில் சந்தேகமில்லை. அந்த ஒற்றைக் குரல்தான் அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல இது போதாது.

அப்படியென்றால் எல்லாமே உமையாக்களை வீழ்த்திய அப்பாஸியர்கள் கட்டிய கதை, ஹஜ்ஜாஜ் நல்லவர் என்று சிலர் கிளம்புகிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். இன்று நம் கையில் இருக்கும் வரலாற்று நூல்களில் பெரும்பாலானவை அப்பாஸியர்கள் ஆட்சிக்கு வந்த 750-க்குப் பிறகு எழுதப்பட்டவை, எச்சரிக்கையாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸும் உமையாதானே? அவரே ஹஜ்ஜாஜை வெறுத்தார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவர் ஸயீத் பின் ஜுபைரைக் கொன்றதை எந்த ஆதார விமர்சனமும் அழிக்க முடியாது. என் கணக்கில் அவர் திறமையான நிர்வாகி, கூடவே கொலைகாரர். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்காதீர்கள்.

"பலாதுரீ எழுதியிருக்கிறார், சம்பவத்துக்கு ஏறக்குறைய 150 வருடம் கழித்து" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? அதையாவது சொல்லுங்கள். "லப்பைக்" சொன்னவர் என்று இளைஞர்களிடம் பேசும் நாளில் அஸ்மா (ரலி) அவர்களைப் பற்றியும் பேசுங்கள். மகன் இப்னு ஸுபைரின் உடலைத் தொங்கவிட்டவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் அவர்கள் போகவில்லை, கடைசியில் ஹஜ்ஜாஜே தேடி வந்தார். நீ அவனுடைய உலகத்தைக் கெடுத்தாய், அவன் உன்னுடைய மறுமையைக் கெடுத்துவிட்டான் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஹஜ்ஜாஜின் குலமான ஸகீஃப் கூட்டத்தில் ஒரு பொய்யனும் ஒரு நாசக்காரனும் வருவார்கள் என்ற நபிமொழியைச் சொல்லி, அந்த நாசக்காரன் நீதான் என்றார்கள். ஹஜ்ஜாஜ் பதில் பேசாமல் எழுந்து போனார். இது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.