சந்தேகப்படுகிறவர்களை மேடையிலிருந்து கடிந்துகொள்ளாதீர்கள்: சென்னைப் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைத் திருச்சபைகளில் ஊழியம் செய்யும் ஐயர்மாருக்கும் பாஸ்டர்மாருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

பெரம்பூர்ப் பக்கம் ஒரு சபையில் சண்டே கிளாஸ் எடுக்கிறவள் நான். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும்போது வாலிபப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் என்னிடம் சொல்வதை உங்களிடம் சொல்லமாட்டார்கள். "ஜெபிச்சேன் டீச்சர், ஒண்ணும் நடக்கல. பாஸ்டர்கிட்ட சொன்னா உனக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லுவாரு." ஆள்தான் மாறுகிறார், பேச்சு மாறுவதில்லை.

விசுவாசத்தைப் பற்றிக் குறைத்துப் பேசுங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்னும் அதிகமாகப் பேசுங்கள். ஆனால் அதை ஓர் உணர்ச்சியாக்கிப் பேசாதீர்கள். மனதில் துளி சந்தேகமும் இல்லாவிட்டால்தான் கர்த்தர் செய்வார் என்று கேட்டு வளரும் பிள்ளை, கர்த்தரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் மனதையே நோண்டிக்கொண்டிருக்கிறது.

ஆபிரகாமையே பாருங்கள். பவுல் எழுதிய ரோமர் 4-ஐ எடுத்து, "அவிசுவாசமாய்ச் சந்தேகப்படாமல்" என்று உரக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆதியாகமம் 17-இல் அந்த மனிதருக்கு 99 வயது. தேவன் பேசிக்கொண்டிருக்கும்போதே முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார். நூறு வயதுக்காரனுக்குப் பிள்ளையா, தொண்ணூறு வயது சாராள் பெறுவாளா என்று உள்ளுக்குள் கேட்கிறார். போதாததற்கு, ஏற்கெனவே இருக்கும் மகன் இஸ்மவேல் பிழைத்தால் போதுமே என்று ஒரு மாற்று யோசனையும் வைக்கிறார். கர்த்தர் அவரைத் துரத்தவில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு, சிரிப்பைக் குறிக்கும் ஈசாக்கு என்ற பெயரையே வைக்கச் சொல்கிறார். 23-ஆம் வசனத்துக்கு வாருங்கள். சொல்லப்பட்ட அந்த நாளிலேயே தன் வீட்டு ஆண்கள் அத்தனை பேரையும் கூட்டி விருத்தசேதனம் பண்ணுகிறார். சிரித்தவரும் அவரே, அன்றைக்கே கீழ்ப்படிந்தவரும் அவரே. பவுல் விசுவாசத்துக்கு உதாரணம் காட்டுவது இந்த ஆளைத்தான். இந்த அதிகாரத்தை முழுதாகப் பிரசங்கித்து நான் கேட்டது அபூர்வம்.

யாக்கோபின் நிருபம் குறுக்கே வரும், தெரியும். சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்கிறது 1:6. ஆனால் அதற்கு ஒரு வசனம் முன்னால், கேட்கிறவருக்குக் கொடுக்கும் தேவன் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்று எழுதியிருக்கிறதே! ஆறாம் வசனத்தை வைத்து ஜனங்களைக் கடிந்துகொள்ளுமுன் ஐந்தாம் வசனத்தையும் வாசித்துவிடலாம். தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவிடம் "அற்பவிசுவாசியே" என்று இயேசுவும் சொன்னார்தான். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னார். நம்மிடம் வார்த்தை மட்டும் வருகிறது, கை வருவதில்லை.

இதைச் சென்னையிலிருந்து எழுதும்போது இயேசுவின் சீஷரான தோமாவை விட்டுவிட முடியுமா? உலகம் அவரைச் சந்தேகத் தோமா என்கிறது. இந்த ஊரோ சின்னமலை, சாந்தோம், பறங்கிமலை என்று மூன்று இடங்களில் அவர் நினைவைச் சுமக்கிறது. கி.பி. 72-இல் அவர் இங்கே இரத்தசாட்சியாக மரித்தார் என்பது பாரம்பரியம். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்றவர், யோவான் 20-இல் தொட்டதாக எழுதப்படவே இல்லை. ஆண்டவர் கையை நீட்டச் சொன்னதும் "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றார், அவ்வளவுதான். அவர் நம்பமாட்டேன் என்று சொன்னதிலிருந்து ஆண்டவர் வரும்வரை இருந்த அந்த எட்டு நாளும் மற்றச் சீஷர்கள் அவரை அறையைவிட்டு வெளியே தள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். இன்றைய வாலிபர் கூட்டமாக இருந்தால் அவருக்கு மைக்கூடக் கொடுத்திருக்க மாட்டோம்.

எல்லாச் சந்தேகத்தையும் தட்டிக்கொடுங்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. கிதியோன் இரண்டு முறை களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதில் விழுகிறதா என்று தேவனிடம் அடையாளம் கேட்டார், பிறகு 300 பேரோடு யுத்தத்துக்குப் போனார். தோல் காய்ந்த பிறகும் களத்தைவிட்டு நகராமல் அடுத்த அடையாளம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நம் சபையில் உண்டு. பழைய பகையை விட்டுவிடு, கடனைத் திருப்பிக் கொடு என்று வசனம் தெளிவாகச் சொன்ன பிறகும் "தேவசித்தம் தெரியல" என்பார்கள். அவர்களைக் கண்டியுங்கள், நானும் ஆமென் சொல்வேன். ஆனால் கீமோதெரபி வார்டில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு "ஏன் ஆண்டவரே" என்று கேட்கும் அக்காவை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அவர் கேட்பதே ஆண்டவரிடம்தானே? மருந்தை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று யாராவது அவரிடம் சொன்னால், பவுலுக்குப் பக்கத்திலேயே லூக்கா என்ற வைத்தியர் இருந்தார் என்று தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள்.

என் விண்ணப்பம் இவ்வளவுதான். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறீர்கள். எங்கள் வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவிலும் பைபிளுக்குள்ளும் பழைய அட்டைகள் கிடக்கின்றன. அந்த வாக்கு இன்னும் நிறைவேறாதவர்களும் அன்று அதே வரிசையில்தான் நிற்பார்கள். சாட்சி நேரத்தில் பெற்றுக்கொண்டவர்களை மட்டும் எழுப்பாமல், இன்னும் பெறாமலே ஞாயிறுதோறும் வந்து உட்காருகிறவர்களில் ஒருவரையாவது பேசவிடுங்கள். அட்டையை நீட்டும்போது, "இதை நம்பி ஜனவரியில் நீங்கள் செய்யப்போகும் ஒரு காரியம் என்ன?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பவர்களை என் வகுப்புக்கு அனுப்புங்கள். ஞாயிறு காலை ஏழரைக்குத் திறந்திருப்பேன்.

கிறிஸ்துவுக்குள்,
பெரம்பூரிலிருந்து ஒரு சண்டே கிளாஸ் டீச்சர்