நல்ல வண்டியை ஏன் கொடுக்கிறேன்: சிங்கப்பூரிலிருந்து மாமாவுக்கு

சிங்கப்பூர்
ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"ஓடுற வண்டிய எதுக்குடா கொடுக்கிற?" என்று போனில் கேட்டீர்கள். பட்டறைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். என் டொயோட்டா ஆல்டிஸ் 1.6 காருக்கு எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். தண்ணீர் பம்ப் கசியும்போது மாற்றி, கியர் ஆயிலைக் காலத்தில் மாற்றினால் இன்னும் பத்து வருடம் ஓடும். ஆனால் இங்கே வண்டியின் ஆயுளை எஞ்சின் தீர்மானிப்பதில்லை.

நம்மூரில் ஆர்.சி. 15 வருடம். பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் 1990 முதல் சி.ஓ.இ. என்று ஒன்று உண்டு. வண்டி வாங்குமுன் அதை வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து வருடக் குத்தகை நிலம் மாதிரி. மாதம் இரண்டு ஏலம். 1,600 சி.சி.க்குள், 130 குதிரைத்திறனுக்குள் இருந்தால் ஏ வகை, அதற்கு மேல் பி வகை. 2023 அக்டோபரில் ஏ வகை 1,06,000 வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) பி வகை 1,50,001 வெள்ளிக்கும் போனது. 2025 நடுவிலும் ஏ வகை ஒரு லட்சத்தைச் சுற்றியே நின்றது. இது வெறும் தாளுக்கு, வண்டிக்கு அல்ல!

பத்து வருடம் முடியும்போது இரண்டே வழி. ஒன்று, கடந்த மூன்று மாத ஏலவிலையின் சராசரியைக் கட்டி இன்னொரு பத்து வருடத்துக்கு நீட்டிக்கலாம். அதில் பாதி கட்டினால் ஐந்து வருடம், ஆனால் அதற்குப் பிறகு மறுபடி நீட்டிக்க முடியாது. இன்னொன்று, பதிவை ரத்து செய்து வண்டியை ஒப்படைப்பது.

ஒப்படைத்தால் பணம் வரும். வண்டி துறைமுகத்தில் இறங்கும்போது சுங்கம் ஒரு மதிப்புப் போடும், ஓ.எம்.வி. என்பார்கள். அது 20,000 வெள்ளி என்றால், அதே அளவு ஏ.ஆர்.எஃப். என்ற கூடுதல் பதிவுக் கட்டணமும் வாங்கும்போதே கட்டியிருப்போம். என் வண்டிக்குள்ள விதிப்படி, ஐந்து வயதுக்குள் கொடுத்தால் அதில் 75 சதவீதம் திரும்பும். பிறகு வருடத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைந்து, பத்தாம் வருடத்தில் 50 சதவீதம், அதாவது 10,000. சி.ஓ.இ.யை நீட்டித்தால் இந்த 10,000 போய்விடும். பலர் இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே சராசரி ஏலவிலை ஒரு லட்சம் என்றால், பத்து வருடம் நீட்டிக்க உண்மைச் செலவு 1,10,000, வருடத்துக்கு 11,000. ஐந்து வருடம் என்றால் 60,000, வருடத்துக்கு 12,000. அதோடு பத்து வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி முதல் வருடம் 10 சதவீதம் கூடும், அப்படியே ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். 1,600 சி.சி.க்கு இப்போது வருடம் 740 வெள்ளி போல. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருந்த சோதனையும் வருடா வருடம் ஆகிவிடும். இவையெல்லாம் சில்லறை. பயம் சி.வி.டி. என்ற தானியங்கி கியர்பெட்டியும் ஏ.சி. கூலிங் காயிலும்தான். காயில் ஓட்டையானால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும், காயில் விலையைவிடக் கூலி அதிகம். இந்த ஊர் வெக்கையில் எஞ்சின் மவுண்டும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் சேர்ந்தாற்போல் போகும்.

புது வண்டி மின்சாரத்தில் ஓடுவது. மின்வண்டிக்கு ஏ வகையில் மோட்டார் 110 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்காகவே சீன நிறுவனமான பி.ஒய்.டி. தன் ஆட்டோ 3 மாடலை 100 கிலோவாட்டில் ஒன்று விடுகிறது. 20,000 ஓ.எம்.வி. என்றே வைத்துக்கொள்ளுங்கள்: சுங்க வரி 20 சதவீதம் 4,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 2,160, சி.ஓ.இ. ஒரு லட்சம். ஆக 1,26,160, விற்பவர் லாபம் தனி. ஏ.ஆர்.எஃப்.? மின்வண்டிக்கு 2025 கடைசி வரை அதிகபட்சம் 40,000 வரை தள்ளுபடி இருப்பதால் அது முழுதும் கழிந்துவிடும். ஆனால் கட்டாத பணம் பத்தாம் வருடம் திரும்பியும் வராது. விற்பவர்கள் தள்ளுபடியை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

லாபத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு 14,000 போல விழும். பழையதைவிடக் கூடுதல்தான், மறைக்கவில்லை. பெட்ரோல் மிச்சம் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும், பழையதில் வரக்கூடிய ஒரு கியர்பெட்டிச் செலவு தப்பினால் அது மீதியை ஈடுகட்டும். சாலை வரி மட்டும் குறையவில்லை. பெட்ரோல் வரிக்குப் பதிலாக வருடம் 700 வெள்ளி சேர்த்து, 100 கிலோவாட்டுக்கு 1,150 ஆகிறது. சார்ஜ் ஏற்றுவது வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்திலேயே. 60 கிலோவாட் மணி பேட்டரிக்கு 7.4 கிலோவாட் முனையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ராத்திரியில் போட்டுவிடலாம். எல்.எஃப்.பி. என்ற லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் பேட்டரி என்பதால் அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றினால்தான் மீட்டர் சரியாகக் காட்டும். ஓ.எம்.வி. 20,000க்குள் இருந்தால் விலையில் 70 சதவீதம் கடன், ஏழு வருடத்துக்கு மேல் கிடையாது. மீதி 30 சதவீதம் கையில் இருக்க வேண்டும்.

ஒப்படைக்கும் வேலையை மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். காரணம், புது வண்டிக்கான சி.ஓ.இ.யை விற்பவர்தான் ஏலம் கேட்பார். விலை ஏறினால் அடுத்தடுத்த ஏலச் சுற்றுக்குத் தள்ளிப்போகும், பழைய வண்டியின் தேதியோ தள்ளாது. அந்தத் தேதிக்குப் பிறகு சாலையில் ஓட்டக் கூடாது. இரண்டு மூன்று வியாபாரிகளிடம் உடல்விலை, அதாவது வெறும் வண்டிக்கு அவர்கள் தரும் விலை, கேட்க வேண்டும். அரசு தரும் பணம் எங்கே போனாலும் ஒன்றுதான், இந்த உடல்விலையில்தான் பேரம். கடன் பாக்கியை அடைத்து, இணையத்தில் பதிவை ரத்து செய்து, ஒரு மாதத்துக்குள் வண்டி உடைக்கப்பட்டது அல்லது ஏற்றுமதியானது என்பதற்குச் சான்று சேர வேண்டும். காப்பீட்டை அதற்குப் பிறகே நிறுத்த வேண்டும், முன்னால் நிறுத்தக் கூடாது.

ஊருக்கு அனுப்பலாமே என்றீர்கள். உற்பத்தியாகி மூன்று வருடம் தாண்டிய பழைய வண்டியை இந்தியா உள்ளே விடாது. உதிரிபாகம் கழற்றி எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆல்டர்னேட்டரையும் கம்ப்ரசரையும் கழற்றினால் உடல்விலையில் அதைவிட அதிகமாகக் குறைத்துவிடுவார்கள். டாஷ்போர்டுப் பிள்ளையாரும் டிக்கியில் கிடக்கும் டார்ச்சும் மட்டும் நம்முடையவை.

கார்த்தி டிசம்பரில் வருவதாகச் சொன்னான். அதற்குள் புது வண்டி வந்துவிட வேண்டும். வராவிட்டால் சாங்கி விமான நிலையத்தில் ரயில் ஏறி, தானா மேராவில் மாறி வரச் சொல்லுங்கள். பெட்டி இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்