இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்திருந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் குளியலறைக்கு வெளியே சீலிங்கில் ஏழு நீல வளையங்கள் இருக்கின்றன. துணியில் குறி போடும் சாக்பீஸால் நான்தான் வரைந்தேன். ஈரம் எதுவரை பரவியிருக்கிறதோ அதுவரை ஒரு கோடு, பக்கத்தில் தேதி. முதல் வளையம் ஒரு நாணயம் அளவுதான். ஏழாவது வளையம் என் தையல் மெஷினின் மேஜைப் பலகையை விடப் பெரியது.

நான் 22 ஆண்டுகளாக வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறவள். ஆறு ஆண்டுகளுக்கு முன் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் வீடு வாங்கினோம். ஒரு அறையைத் தையலுக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த வீட்டில் எனக்குப் பிடித்த விஷயம். பெயின்ட் வாசனை கூடப் போகாத வீட்டில் குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? இரண்டாம் வருடம் சீலிங்கில் அந்த நாணயம் தெரிந்தது. கட்டிக் கொடுத்தவர்களிடம் சொன்னோம். ஆள் வந்தார், சுரண்டினார், பட்டி பார்த்து வெள்ளை அடித்துவிட்டுப் போனார். நான்கு மாதத்தில் அதே இடத்தில் மஞ்சளாக எட்டிப் பார்த்தது. மறுபடி சொன்னபோது, “மேல்வீட்டுக்காரர்கள் தண்ணீரை அதிகமாகப் புழங்குகிறார்கள், அவர்களிடம் பேசிக்கொள்ளுங்கள்” என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தையை நாங்களும் நம்பிவிட்டோம். நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

மேல்வீட்டில் இருப்பவர்கள் சின்ன வயதுத் தம்பதி, ஒரு குழந்தை. அந்தப் பெண் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒழுகல் கூடக் கூட நான் மேலே போய்ப் போய்ச் சண்டை போட்டேன். அவர்களும் ஒருமுறை சொந்தச் செலவில் டைல்ஸ் இடுக்குகளை எல்லாம் சுரண்டி, புதிதாகப் பூசி அடைத்தார்கள். ஆறு வாரம் நின்றது. அப்புறம் மறுபடி சொட்டியது. “நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்” என்றாள் அவள். “அப்படியானால் என் வீட்டில் சொட்டுவது என்ன?” என்றேன் நான். 14 மாதம் பேசவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

இதற்கிடையில் என் தொழிலும் அடிபட்டது. தைக்க வந்த துணிகளை வைக்கும் மர அலமாரி, குளியலறைச் சுவரை ஒட்டி இருந்தது. வெளியே பார்த்தால் சுவர் காய்ந்துதான் தெரியும். ஒருநாள் அளவு ரவிக்கையை எடுக்கக் கையை விட்டேன். அலமாரியின் பின்பலகை ஊறி, கைபட்டதும் பிஸ்கட் போல உதிர்ந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த பட்டுத் துணியில், மடிப்பு ஓரம் நெடுக, மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. ஈரமான இடத்தில் அது பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும். பருத்தியில் பிடித்தாலே முழுதாகப் போகாது. பட்டில் எங்கே போகும்? துணிக்காரரிடம் சொல்லி விலையைக் கொடுத்தேன். அவர் பிறகு வரவில்லை. அந்த அறையில் உட்கார்ந்து தைத்தால் சாயங்காலம் இருமல் பிடித்துக்கொள்ளும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே வழிகாட்டு நூல் வெளியிட்டிருக்கிறது என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

காப்பீடு இருக்கிறதே என்று நினைத்தோம். குழாய் திடீரென்று வெடித்துத் தண்ணீர் கொட்டினால்தான் அதில் பணம் கிடைக்குமாம். நாள்பட்டுக் கசிந்தாலோ, கட்டியதில் குறை இருந்தாலோ கிடையாது. பெரும்பாலான வீட்டுக் காப்பீடுகள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. வாங்கும்போது அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

கடைசியில் என் அண்ணன் மகன் வந்தான். கட்டடப் பொறியாளன். “அத்தை, மேலே உடைத்துப் பார்க்காமல் யார் மேலும் குற்றம் சொல்லாதீர்கள்” என்று சொல்லி, அவனே மேல்வீட்டில் பேசி, கொத்தனாரை அழைத்து வந்தான். டைல்ஸைப் பெயர்த்தபோது நானும் அங்கே நின்றேன்.

குளியலறைத் தளத்தை மற்ற அறைகளை விடத் தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓட்டி, செங்கல் துண்டும் மணலும் போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அந்த மணலைக் கொத்தனார் கையில் அள்ளிப் பிழிந்தார், தண்ணீர் ஒழுகியது. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லையாம். டைல்ஸ் இடுக்கில் எப்போதும் கொஞ்சம் இறங்கும். அதைத் தடுக்க வேண்டியது அடியில் கான்கிரீட் மேல் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சு. அந்தப் பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஒரு சாண் உயரமாவது ஏற வேண்டும். எங்கள் கட்டடத்தில் அது விரல் கனம் கூட ஏறவில்லை. தளத்தைத் துளைத்துக் குழாய் இறங்கும் இடத்தில் சுற்றிலும் முறையாக அடைக்காமல் சிமென்டை அப்பியிருந்தார்கள். அதற்குள் என் கை முஷ்டி போகும் அளவுக்கு ஓட்டை. தண்ணீர் வெளியேறும் வாய்ப் பக்கம் வாட்டமும் இல்லை; சுவர் ஓரம்தான் தாழ்வாக இருந்தது.

எனக்கு அது உடனே புரிந்தது. துணி நடுவில் கிழிவது அபூர்வம், தையலில்தான் விடும். ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்காமல் விட்டால் நாலு துவைப்பில் பிரிந்துவிடும். கட்டடமும் அப்படித்தான் என்றான் என் அண்ணன் மகன். சுவரும் தரையும் சேரும் மூலை, குழாய் துளைத்துப் போகும் இடம், ஜன்னல் சட்டத்தின் ஓரம், மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் தொடங்கும் இடம் என்று இரண்டு பொருள் சேரும் இடங்களில்தான் தண்ணீர் வழி தேடும். அந்த இடங்களுக்குத்தான் நேரமும் கவனமும் வேண்டும். அவசரமாகக் கட்டும்போது அதுதான் முதலில் போகிறது. டைல்ஸ் போட்டு மூடிவிட்டால் வாங்குகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாதே!

மேல்வீட்டுப் பெண் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு அழுதாள். எங்களுக்குச் சண்டை வந்த நாளிலிருந்து அந்தக் குளியலறையில் அவள் குழந்தையைக் குளிப்பாட்டவே இல்லையாம். இன்னொரு குளியலறையில் வாளிக்குள் உட்கார வைத்து, தரையில் சிந்தாமல் சின்னக் குவளையால் ஊற்றியிருக்கிறாள், ஒரு வருடத்துக்கு மேல். நான் அவளைப் பேசிய பேச்சுகளை எல்லாம் அப்போது நினைத்துக்கொண்டேன். தவறு அவள் மேலும் இல்லை, என் மேலும் இல்லை. நாங்கள் இருவரும் வருவதற்கு முன்பே அந்த ஓட்டை அங்கே இருந்தது.

கறை அசிங்கம், அவ்வளவுதானே என்று சிலர் சொல்கிறார்கள். அவ்வளவு இல்லை. சீலிங்கில் வெள்ளையாக உப்புப் பூப்பது, கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவருவதால். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பழைய இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பால்கனி அடியில் காரை பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிற கட்டடங்களை எல்லோரும் பார்த்திருப்போம்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் சர்ஃப்சைடில், 1981ல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு 2021 ஜூன் 24 அதிகாலை இடிந்து 98 பேர் இறந்தார்கள். மூன்று வருடம் முன்னதாக, 2018லேயே, அங்கே பார்வையிட்ட பொறியாளர் நீச்சல் குளத் தளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டுவிட்டது, தளம் வாட்டமில்லாமல் மட்டமாக இருப்பதால் தண்ணீர் தேங்குகிறது, அடியில் கான்கிரீட் கெடுகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். வேலை பெரிது, செலவு பெரிது. வீட்டுக்காரர்களுக்குள் வாக்குவாதத்திலேயே காலம் போனது. இடிந்ததற்கு ஒழுகல் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் “செலவை யார் ஏற்பது” என்று எங்கள் அசோசியேஷன் கூட்டம் மூன்று முறை முடிவில்லாமல் கலைந்தபோது எனக்கு அந்தச் செய்திதான் ஞாபகம் வந்தது.

கனடாவின் வான்கூவர் பக்கம் 1980களின் கடைசியிலும் 1990களிலும் கட்டிய குடியிருப்புகள் ஆயிரக்கணக்கில் ஒழுகின. சுவருக்குள் புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லாமல் மரச்சட்டங்கள் உள்ளேயே உளுத்துப்போயின. ஒரு கட்டடத்துக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கி, விற்று முடித்ததும் அதைக் கலைத்துவிட்டதால், கேட்கப் போனவர்களுக்கு எதிரே ஆளே இல்லாத நிலை. மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998ல் விசாரணை ஆணையம் வைத்தார்கள். அதன் பிறகு வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புது வீட்டுக்கு வேலைக்கும் பொருளுக்கும் 2 வருடம், வெளிச்சுவர் வழியாகத் தண்ணீர் புகுந்தால் 5 வருடம், கட்டமைப்புக்கு 10 வருடம் என்று உத்தரவாதம் கட்டாயமானது. ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்த பிறகு வந்த சட்டம் அது.

நான் கேட்பது அதை விடச் சின்ன விஷயம். குளியலறையிலும் மொட்டை மாடியிலும் நீர்த்தடுப்புப் பூச்சு பூசிக் காய்ந்ததும், டைல்ஸ் போடுவதற்கு முன், வெளியேறும் வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் வைக்க வேண்டும். இது கட்டுமானத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான், புதிதல்ல. அதை வீடு வாங்குகிறவர் முன்னிலையில், கீழ்வீட்டுச் சீலிங்கையும் காட்டி, செய்து கையெழுத்து வாங்க வேண்டும். டைல்ஸுக்கு அடியில் குழாய் எங்கே போகிறது என்ற வரைபடத்தையும் மூடுவதற்கு முன் எடுத்த படங்களையும் சாவியோடு கொடுக்க வேண்டும். இதைச் சட்டமாக்க முடியாதா? சட்டம் வரும்வரை, வாங்குகிறவர்களாவது முன்பணம் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் இந்த இரண்டு வரிகளை எழுதிக் கேளுங்கள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கட்டடத்தில் இரண்டு பேர் வீட்டை விற்க முயல்கிறார்கள். ஒழுகுகிறது என்று தெரிந்தால் வாங்க ஆள் வராது என்று பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த வீட்டை வாங்கப் போகிறவர் இன்னொரு முறை மாடியேறிப் போய் யாருடனோ சண்டை போடுவார்.

போன மாதம் மேல்வீட்டில் பூச்சு புதிதாகப் பூசி முடிந்தது. செலவில் பாதி அவர்கள், பாதி நாங்கள். அன்று சாயங்காலம் தண்ணீர் நிறுத்தினோம். என் அளவு நாடாவை விட்டுப் பார்த்தேன், ஐந்து சென்டிமீட்டர். இரண்டு ராத்திரியும் டார்ச் அடித்துச் சீலிங்கைப் பார்த்தபடியே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பெண்ணே நாடாவை விட்டு அளந்தாள். ஆவியாகி நூலளவு குறைந்திருந்தது, அவ்வளவுதான். கீழே சீலிங்கில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. எங்கள் கட்டடத்தில் இதே ஆட்கள் பூசிய குளியலறைகள் இன்னும் 22 இருக்கின்றன. ஒன்றில் கூட இந்தச் சோதனை நடக்கவில்லை.

இப்படிக்கு,
இரண்டாம் மாடித் தையல்காரி