எனக்காக வாய் திறந்தவர்களுக்கு

செம்மண்டலம், கடலூர்

அன்புடையீர், வணக்கம்.

வீட்டிலிருந்தே லேபிள், பாக்கெட் கவர், விலைப்பட்டியல் வடிவமைத்துக் கொடுக்கிறேன். தொடங்கியபோது கம்ப்யூட்டர் இருந்தது, தொழிலும் தெரிந்திருந்தது, வாடிக்கையாளர்தான் இல்லை. இன்று மாதாமாதம் வேலை வருகிறது. யாரோ ஒருவர் இன்னொருவரிடம் "அந்தப் பொண்ணுகிட்ட கொடுங்க, நான் சொல்றேன்" என்று தன் வாக்கைப் பிணையாக வைத்ததால் வந்த வேலைகள்தான் எல்லாம். அவர்களுக்கான நன்றி இது. பெயர் போடவில்லை, படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

திருப்பாதிரிப்புலியூர் அச்சக ஐயா, முன்பின் தெரியாதவள் வந்து நின்றதும் பென் டிரைவை வாங்கி ஃபைலைத் திறந்து பார்த்தீர்கள். "சுத்தி மூணு மில்லி ப்ளீட் விட்டிருக்க, எழுத்தையெல்லாம் அவுட்லைன் ஆக்கியிருக்க. எங்களுக்கு மறுவேலை வைக்காத ஃபைல்மா இது" என்றீர்கள். ப்ளீட் என்பது வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க வடிவத்தைக் கொஞ்சம் வெளியே நீட்டி விடுவது; அவுட்லைன் என்பது எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து மாறாதபடி அதை வடிவமாக மாற்றுவது. அதற்கப்புறம் டிசைனுக்கு ஆள் கேட்டவர்களுக்கெல்லாம் என் நம்பரைக் கொடுத்தீர்கள். கமிஷன் பேச்சை எடுத்ததே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்டால், முதலில் அச்சகங்களுக்குப் போங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன். லேபிள் வேண்டியவர் எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேருவார்.

பண்ருட்டி முந்திரி அண்ணன் அப்படி வந்தவர்தான். அண்ணா, முதல் நாள் லேபிளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மேசைமேல் இரண்டு குவியலாகப் பருப்பைக் கொட்டி, இது 240, இது 320 என்று காட்டினீர்கள். ஒரு பவுண்டு எடைக்கு அதிகபட்சம் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். இரண்டையும் கையில் அள்ளிப் பார்த்தபோதே லேபிள் எப்படி இருக்க வேண்டும் என்று விளங்கிவிட்டது. கிரேடு எண்ணை முகப்பில் பெரிதாக வைத்தேன். பொருளின் பெயருக்குப் பக்கத்தில் சைவத்துக்கான பச்சைக் குறி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், நிகர எடை எல்லாம் சட்டப்படி அதனதன் இடத்தில். கவர் அச்சாகி வந்ததும், சக வியாபாரிகளை உங்கள் கிடங்குக்கே வரவழைத்து என்னை அறிமுகப்படுத்தினீர்கள். தன் போட்டியாளர்களிடமே ஒருத்தியைக் கைகாட்டி விடுவதற்குப் பெரிய மனசு வேண்டும்.

புதுச்சேரி ஊறுகாய் அக்கா, வேலை கொடுக்க நீங்கள் தயாராகத்தான் இருந்தீர்கள். உங்கள் கணக்கர்தான் தயங்கினார். கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டி வந்துவிடுகிற தூரம் என்றாலும் சட்டத்தின் கண்ணில் மாநிலம் விட்டு மாநிலம். ஜி.எஸ்.டி. எண் இல்லாதவளிடம் எப்படி பில் வாங்குவது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். மறுநாளே வரச் சொன்னீர்களே, அந்தப் பொறுமைக்கு நன்றி.

அதற்குப் பதில் தேடித் தந்தது மஞ்சக்குப்பம் வரி ஆலோசகர் சார். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால், வெளிமாநிலத்துக்குச் சேவை செய்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை என்று 2017 அக்டோபர் 13ஆம் தேதி அறிவிக்கை வந்திருக்கிறது. அதை பிரிண்ட் எடுத்து, வேண்டிய வரியில் பென்சிலால் கோடு போட்டு, என் கையில் கொடுத்தீர்கள் சார். அந்த ஒரு தாள் எனக்குப் புதுச்சேரியையே திறந்துவிட்டது. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, யாருக்கும் பணம் கொடுத்துவிடாதே என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்யவும் வைத்தீர்கள். ஒரு நிறுவனம் மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தபோது அதன் அருமை தெரிந்தது. சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். உத்யம் எண்ணைப் போட்டு இதைக் கடிதமாக எழுதினோம், பணம் வந்தது.

பாதித் தொகை முன்பணம் வாங்காமல் கோடு இழுக்காதே என்று கற்றுக்கொடுத்த ஆரியங்குப்பம் தோழிக்கும், நான் போனில் பேசும்போதெல்லாம் குழந்தையை மாடிக்குத் தூக்கிப்போகும் அத்தைக்கும் என்னென்று நன்றி சொல்வது!

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். நெல்லிக்குப்பத்தில் ஒரு பெண் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கத் தொடங்கியிருக்கிறாள். தமிழ் எழுத்துகளைக் கையால் அழகாக வரைவாள். இன்னும் வேலை சரியாக வரவில்லை. தை பிறந்தால் முகூர்த்த நாட்கள் வரிசையாக வரும். உங்கள் பக்கம் யாராவது பத்திரிகைக்கு ஆள் தேடினால் என்னைக் கூப்பிடுங்கள், அவள் நம்பர் தருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் லேபிள்காரப் பொண்ணு