ஆண்டறிக்கை: இந்த ஆடிப்பெருக்குக்கு ஏன் மீன்குஞ்சு விடவில்லை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மழையால் ஒரு மாதம் தள்ளிப்போனது தவிர மாதக் கூட்டம் தவறாமல் நடந்தது. கூடுதுறைக்குக் கீழே கரையோரம் அறுந்து கிடந்த நைலான் வலைகளை இரண்டு ஞாயிற்றுக்கிழமை அள்ளினோம், வந்து கை கொடுத்தவர்களுக்கு நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அப்புறம், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. வருடா வருடம் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் மீன்குஞ்சு விடுவோமே, நன்கொடையாளர் ஒருவர் மஹ்சீர் என்னும் பெரிய ஆற்று மீனின் குஞ்சுகளே வாங்கித் தருகிறேன் என்று சொல்லியும் ஏன் வேண்டாமென்றோம்? செயற்குழுவில் இதற்காக மூன்று முறை சண்டை நடந்தது, இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள். செயலாளரின் பிடிவாதம் என்று பேச்சு. ஆமாம், பிடிவாதம்தான். அதனால் காரணத்தை எழுத்தில் வைப்பது என் கடமை.

நம் காவிரிக்கென்றே ஒரு மஹ்சீர் உண்டு. தலைக்குப் பின்னால் முதுகு திமில் போலத் தூக்கியிருக்கும், துடுப்பு ஆரஞ்சு நிறம். 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. காவிரி வடிநிலத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இந்த மீன் கிடையாது. மஹ்சீர் குறைகிறதே என்ற நல்லெண்ணத்தில், 1970களில் தொடங்கி, மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். அவை நீலத்துடுப்பு மஹ்சீர். 1839இல் சைக்ஸ் என்ற ஆங்கிலேயர் புனே பக்கத்து முளா-முட்டா ஆற்றிலிருந்து விவரித்த இனம், காவிரிக்கு அயல் மீன். விட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மஹ்சீர் என்றால் மஹ்சீர்தானே என்று நினைத்தார்கள், நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

என்ன ஆனது என்பதற்குக் கர்நாடகப் பகுதியில் இருந்த தூண்டில் முகாம்களின் பதிவேடுகளே சாட்சி. 1998 முதல் 2012 வரை பிடிபட்டதைப் பார்த்தால் நீலத்துடுப்பு ஏறிக்கொண்டே போகிறது, திமில் மஹ்சீர் எண்ணிக்கையில் இறங்கிக்கொண்டே போகிறது. அதே நேரம் சிக்குகிற திமில் மஹ்சீரின் சராசரி எடை கூடுகிறது! கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பொருள் என்னவென்றால் கிழட்டு மீன்தான் மிச்சம், கீழே இருந்து குட்டி ஏறி வரவில்லை. இந்த மீன் டோர் ரெமாதேவி என்ற இனம்தான் என்று 2018இல் காவிரி வடிநிலத்து மோயாற்று மீன்களின் மரபணுவைப் பார்த்து உறுதிசெய்தார்கள். அதே வருடம் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் ஏறியது. அறிவியல் அதைச் சரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அழியப்போகிறது என்று சொன்னதும் ஒரே வருடத்தில். எனக்கு இது இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

இடத்தைப் பிடித்துக்கொள்வது ஒரு பக்கம், இரத்தம் கலப்பது இன்னொரு பக்கம். மஹ்சீர் இனங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பொரிப்பகங்களில் கலப்பினக் குஞ்சு எடுத்திருக்கிறார்கள், அதாவது அவை சேரக்கூடியவை. ஆற்றுக்குள் அப்படி நடந்துவிட்டால் கலந்ததைப் பிரித்தெடுக்க எந்த வலையும் கிடையாது.

சரி, நம் ஆற்று மீனையே பொரித்து விட்டால் என்ன என்று மூத்த உறுப்பினர் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. போன முறை பொரிப்பகத்துக் குஞ்சு வந்த, நான் பிரித்த ஆக்ஸிஜன் பையை நினைத்துப் பாருங்கள். பையை ஆற்றுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமாகட்டும் என்று காத்திருந்து, வாயை அவிழ்த்தேன். அத்தனை குஞ்சும் ஒரே அளவு, ஒரே சாயல், கையை விட்டால் விலகாமல் விரலை வந்து கொத்தின. தீவனம் போடுகிற கை என்று நினைத்திருக்கும். நாலைந்து சினை மீனிலிருந்து ஆயிரக்கணக்கில் குஞ்சு எடுத்து ஆற்றில் கொட்டினால், அடுத்த தலைமுறையில் பெரும்பகுதி அந்த நாலைந்தின் பிள்ளைகள். தலை எண்ணிக்கை கூடும், மரபு வளம் சுருங்கும். தொட்டியில் பிழைக்கத் தெரிந்ததுதான் அங்கே தேறி வருகிறது. வெள்ளத்தில் மேலேறவும் கொக்குக்குத் தப்பவும் தெரிந்ததற்கு அங்கே மதிப்பில்லை. அமெரிக்காவில் ஓரிகனின் ஹூட் ஆற்றில், கடலுக்குப் போய் முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் மீன்களைத் தலைமுறைக் கணக்கில் மரபணு வைத்துத் தொடர்ந்து பார்த்து 2007இல் வெளியிட்ட முடிவு: பண்ணையில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றுக்குப் போனபின் குட்டி விடும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது.

பொரிப்பகமே கூடாது என்று நான் சொல்லவில்லை ஐயா. எந்த ஆற்றுச் சினை மீன், எத்தனை, மரபணு பார்த்தார்களா என்று கேட்க வேண்டும் என்கிறேன். நமக்கு வருவதாக இருந்த குஞ்சுகளுக்கு இந்த மூன்றையும் கேட்டேன். மஹ்சீர்தான் சார் என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

தீர்மானம் இதுதான். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் சங்கம் குஞ்சு வாங்காது. பரிசல்காரர்கள் வலையில் மஹ்சீர் சிக்கினால் துடுப்பு நிறம் தெரியும்படி ஈரத்தோடு ஒரு படம் எடுத்து, நீளம் அளந்து, உடனே தண்ணீரில் விட வேண்டும். அளவுகோல் ஒட்டிய பலகை பத்து செய்து வைத்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். குஞ்சுக்கென்று பிரித்த பணம் அப்படியே வங்கியில் இருக்கிறது. திருப்பிக் கேட்பவர்கள் ரசீதோடு பொருளாளரைப் பாருங்கள்.

செயலாளர்