இதய அறைகளை எண்ணினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதுகெலும்புள்ள விலங்குகளின் உடற்கூற்றை ஒப்பிடும் பாடம் நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரு பட்டியலாகச் சுருங்கிவிட்டது. மீனின் இதயத்தில் இரண்டு அறைகள், தவளைக்கு மூன்று, பறவைக்கும் பாலூட்டிக்கும் நான்கு என்று மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். எண்களில் பிழையில்லை. ஆனால் அவற்றை ஏறுவரிசையில் மட்டும் கற்கும் மாணவர், தவளையின் இதயம் பாதியில் நின்றுபோன ஒன்று என்றும், மனித இதயமே நிறைவு பெற்றது என்றும் முடிவு கட்டிக்கொள்கிறார். விலங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில், இந்த எண்ணம் தவறு என்பதைப் பாடநூல் எழுதுவோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

தவளையையே எடுத்துக்கொள்வோம். அது நுரையீரலால் மட்டுமன்றி ஈரமான தோலாலும் சுவாசிக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜன் பெற்ற இரத்தம் இடது மேலறைக்கு வர, தோலில் ஆக்சிஜன் பெற்ற இரத்தமோ உடலின் பிற பகுதிகளிலிருந்து திரும்பும் இரத்தத்தோடு சேர்ந்து வலது மேலறைக்கு வருகிறது. தவளை நீருக்கடியில் இருக்கும்போது நுரையீரலுக்குப் புதிய காற்று கிடைப்பதில்லை. அப்போது உடலுக்கு வேண்டிய ஆக்சிஜன் வலப்புறம் வழியாகவே வந்தாக வேண்டும். கீழறையின் நடுவே முழுச் சுவர் எழுந்திருந்தால் அந்த இரத்தம் உடலுக்குப் போகாமல், பயனற்றிருக்கும் நுரையீரலுக்கே திருப்பப்பட்டிருக்கும். சுவர் இல்லாததால் இருவகை இரத்தமும் முற்றிலும் கலந்துவிடுகின்றன என்பதும் சரியன்று. கீழறையின் பஞ்சு போன்ற உட்சுவரும், வெளியேறும் குழாயிலுள்ள சுருள் வால்வும் இரு ஓட்டங்களையும் ஓரளவு பிரித்தே வைக்கின்றன. பல்லி போன்ற உருவமுள்ள இருவாழ்விகளான சாலமாண்டர்களில், நுரையீரலே இல்லாத வகைகளுக்கு மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவர்கூட முழுமையாக இருப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலையின் இதயம் இன்னும் நுட்பமானது. அறைகள் நான்கு என்று எழுதிவிட்டு நம் பாடங்கள் அடுத்த விலங்குக்குப் போய்விடுகின்றன. உண்மையில் அதன் இரு பெருந்தமனிகளில் இடப்பக்கத்தது வலது கீழறையிலிருந்து புறப்படுகிறது. இரண்டும் தோன்றும் இடத்தருகே அவற்றை இணைக்கும் சிறு துளை ஒன்றும் உண்டு. இத்தாலியின் பாவியா நகரைச் சேர்ந்த பார்த்தொலோமியோ பனிட்சா 1833-இல் விவரித்த துளை அது. நீரில் மூழ்கி மூச்சை அடக்கும் முதலையால் நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, அதை மீண்டும் உடலுக்கே அனுப்ப முடிகிறது.

பாலூட்டிக்கும் பறவைக்கும் முழுத் தடுப்பு தேவைப்படுவதற்கு வேறு காரணம் உண்டு. மனிதரில் உடலுக்குச் செல்லும் இரத்தத்தின் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரசம். நுரையீரலுக்குச் செல்வது சுமார் 25 மட்டுமே. ஒரே கீழறை இரண்டுக்கும் இரத்தம் செலுத்தினால் நுரையீரலின் மெல்லிய தந்துகிகள் அந்த அழுத்தத்தைத் தாங்கமாட்டா. அதே மனிதரும் கருவில் இருக்கும்போது, நுரையீரல் இன்னும் சுவாசிக்காத நிலையில், மேலறைகளுக்கு இடையே ஒரு திறப்பையும் நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும் ஒரு குழாயையும் வைத்திருக்கிறார். பிறந்த பின்னரே இவை மூடுகின்றன. இதைத் தவளையோடும் முதலையோடும் ஒப்பிட்டுச் சொன்னால், பிறவி இதயக் குறைகள் சில ஏன் உண்டாகின்றன என்பதும் மாணவருக்கு எளிதில் விளங்கும்.

விலங்குகளை வகுப்பில் அறுக்கும் வழக்கம் குறைந்துவிட்டதை நான் வரவேற்கிறேன். அதற்காக ஒப்பிடும் பழக்கத்தையும் கைவிடத் தேவையில்லை. இரத்தச் சுற்றோட்டத்தை 1628-இல் விளக்கிய வில்லியம் ஹார்வி, மெதுவாகத் துடிக்கும் மீன், தவளை, பாம்பு ஆகியவற்றின் இதயங்களைக் கூர்ந்து பார்த்தே பலவற்றைத் தெளிவுபடுத்திக்கொண்டார். இறைச்சிக் கடையில் கிடைக்கும் ஆட்டு இதயத்தையும் கோழி இதயத்தையும் குறுக்கே வெட்டிக் காட்டினாலே, இடது கீழறையின் சுவர் வலதைவிட எவ்வளவு தடித்தது என்பதை மாணவர் தொட்டுப் பார்த்து அறியலாம். இதற்காக எந்த உயிரையும் புதிதாகக் கொல்ல வேண்டியதில்லை. அடுத்த பாடநூல் திருத்தத்தில் அறைகளின் அட்டவணைக்கு அருகே, அந்தந்த விலங்கு எங்கே, எதனால் சுவாசிக்கிறது என்ற பத்தியையும் சேர்க்க வேண்டும். தேர்விலும் அறைகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்குப் பதிலாக, தவளையின் கீழறையில் சுவர் இருந்தால் என்ன நேரும் என்று கேட்கலாம்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியர்